ஏழாம் குழாயின் ஈரம்

மண் ஈரக் கண்காணிப்பு மையத்தில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கட்டடத்துக்கு அடியிலிருந்த களிமண் வருஷா வருஷம் காய்ந்து சுருங்கியதில் சுவர்கள் ஒருபக்கமாக இறங்கி, நிலைகள் கோணிக்கொண்டிருந்தன. இயக்குநரின் அறைக்கதவை மட்டும் தச்சர் அடிக்கடி வந்து இழைத்துவிட்டுப் போவார். இழைத்து இழைத்து அந்தக் கதவு இப்போது நிலையைவிடச் சிறியதாகிவிட்டது. உள்ளே நடக்கும் ரகசிய ஆலோசனைகளை இடுக்கு வழியாக மாடிப்படி வரைக்கும் கேட்கலாம். மண் காய்ந்ததால்தான் இந்த அவதி என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மரம் மட்டரகம் என்றுதான் பேச்சு.

அந்த மையத்தின் மாத அறிக்கையை எழுதும் பெண்மணிக்கு 'வாக்கியம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. எப்பேர்ப்பட்ட எண்ணைக் கொடுத்தாலும் அதைக் குளிப்பாட்டி, தலைவாரி, நாலு பேர் முன்னால் நிற்கும்படி ஒரு வாக்கியமாக்கிவிடுவாள். 'வறட்சி' என்ற சொல் மக்களைப் பயமுறுத்துகிறது என்று மேலிடம் அபிப்பிராயப்பட்டபோது 'ஈரக்குறைவு' என்று மாற்றியவள் அவள்தான். சில வருஷத்தில் அந்தச் சொல்லும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது. 'ஈர இடைவெளி' என்றாள். அதுவும் காய்ந்தபிறகு 'மண்ணின் ஓய்வுக்காலம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தது அவள், பாராட்டுப் பத்திரம் வாங்கியது இயக்குநர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தன் சொல் ஊரெல்லாம் நடமாடுகிறதே என்று உள்ளூர ஒரு குளிர்ச்சி.

வட்டாரமெங்கும் இடம் பார்த்து மையம் குழாய்களைப் புதைத்திருந்தது. ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல் ஆழம். உள்ளே தட்டுத்தட்டாக உணர்கருவிகள் அந்தந்த ஆழத்து ஈரத்தை அளந்து தாமாகவே அலுவலகத்துக்கு எண் அனுப்பும். வருஷக் கணக்காக எல்லாக் குழாய்களின் கோடுகளும் கிணற்றுப் படி போலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மழை பெய்தால் மேல்தட்டுக் கோடு கொஞ்சம் துள்ளும், பிறகு பழையபடி இறங்கும். அடித்தட்டுக் கோடுகள் துள்ளுவதை மறந்தே போயிருந்தன.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலை ஏழாம் குழாயின் அடித்தட்டுக் கோடு விருட்டென்று தலைதூக்கியது. இயக்குநர் காகிதமும் கையுமாகத் தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

"பாத்தீங்களா? ஆழத்துல ஈரம்! மேல காஞ்சா என்ன? அடியில மண்ணு மனசு வச்சிருச்சு."

"மத்த குழாயெல்லாம் இறங்கிட்டுதானே சார் இருக்கு?"

"அதெல்லாம் பின்தங்கின குழாய். இது முன்னோடிக் குழாய்."

"ரெண்டு நாள் முன்னாடி அரைமணி நேரம் பெஞ்சதோட சரி. அந்தத் தண்ணி எப்படி சார் ஆளுயர ஆழத்துக்குப் போயிருக்கும்?"

"போயிருக்கு இல்ல? எப்படிப் போச்சுன்னு அப்புறம் ஒரு குழு போட்டுக்கலாம். முதல்ல எனக்கு ஒரு வாக்கியம் வேணும். மேலிடத்துலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க, நல்ல செய்தியே வராதான்னு."

அவள் நெற்றியைத் தேய்த்தாள். சந்தேகம் ஒரு பக்கம் நமநமவென்று அரித்தாலும், கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது: 'மேலே வாடினாலும் ஆழ்மண்ணில் ஈரம் மீண்டெழுந்துவிட்டது, அஞ்ச வேண்டிய காலம் கடந்துவிட்டது.' திரும்பப் படித்தபோது அவளுக்கே பிடித்துப்போனது. பிடித்துப்போன வாக்கியத்தைச் சந்தேகப்படுவது அவள் பழக்கத்தில் இல்லை. மாலையில் வானொலியில் அதை அப்படியே வாசித்தார்கள்.

வாசித்து முடிப்பதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

ஏழாம் குழாய் நின்றது அண்ணனின் ஆரஞ்சுத் தோட்டத்து ஓரத்தில். இடம் தேடியபோது கைகாட்டியவளும் வாக்கியம்மாதான். அந்தத் தோட்டத்துக் கிணற்றில் ஊற்று அடைத்துப்போய் வெகுகாலமாகிறது. கிடக்கிற இருப்புநீரைக் குடம் குடமாகச் சேந்தி, மரத்துக்கு இவ்வளவென்று ஊற்றி வந்தாள் அண்ணி. எல்லா மரத்துக்கும் ஊற்றினால் பருவமழைக்குள் எல்லாமே போய்விடும், பாதியை வெட்டிவிட்டால் மீதிப் பாதி பிழைக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். மறுநாள் ரம்பக்காரர் வருவதாக ஏற்பாடு.

"ரேடியோவுல கேட்டேன் பாப்பா. உன் எழுத்துன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. 'மீண்டெழுந்துவிட்டது'ன்னு நம்ம பரம்பரையில வேற எவன் பேசுவான்?"

"அண்ணா, அது வந்து..."

"ரம்பக்காரரை வர வேணாம்னு சொல்லிட்டேன். உன் அண்ணி கோடு போட்டு வச்சதுலேருந்து மரமெல்லாம் தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி நின்னுட்டிருந்துச்சு. எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரலை. இப்ப எல்லாத்துக்கும் விடுதலை."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "விடுதலைன்னு யாரு சொன்னா? உங்க தங்கச்சியா, உங்க கிணறா? நாத்தனார்கிட்ட கேளுங்க, ஈரம் மீண்டு எழுந்துச்சே, எழுந்து எங்க போச்சாம்? நம்ம கிணத்துக்கு வழி தெரியலையா?"

"கேட்டியா? உன் படிப்பு மேலயே நம்பிக்கை இல்லை இவளுக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒற்றைக் குழாயை நம்பாதே, ரம்பக்காரரைக் கூப்பிடு என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடிய விஷயம். ஆனால் ஊருக்கெல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டு உடன்பிறந்தவனிடம் வேறொன்றைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "நான் நாளன்னைக்கு அங்க வர்றேண்ணா. நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

நாளன்றைக்கு வந்தது அவள் மட்டுமல்ல. மேலிடமும் வந்தது.

இத்தனை வருஷமாக 'மேலிடம் நினைக்கிறது', 'மேலிடம் விரும்பவில்லை' என்று கேட்டுக் கேட்டு, மேலிடம் என்பது ஏதோ வானத்தில் மிதப்பது என்ற எண்ணம் வாக்கியம்மாவுக்கு. காரிலிருந்து இறங்கியதோ பளபளக்கும் காலணி போட்ட, சற்றே தொப்பை விழுந்த ஒரு மனிதர். ஈரம் மீண்ட இடத்தில் ஒரு கல்வெட்டுத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்வது திட்டம்.

தோட்டத்து மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் கையை முழங்கை வரைக்கும் விடலாம். மேலிடம் அதைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாதே என்று அலுவலகத்து ஆட்கள் காரிலிருந்து குழாய் வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். வெடிப்பு வரும் இடத்திலெல்லாம் கம்பளம் தொட்டிலாகத் தொய்ந்தது. மேலிடம் இரண்டு கையையும் விரித்துக் கயிற்றுமேல் நடப்பவர் மாதிரி நடந்துவந்தார்.

"இதென்ன, கீழ பள்ளமா இருக்கு?"

"காற்றோட்டம் சார். இந்த மண்ணோட காற்றோட்டமே தனி" என்றார் இயக்குநர்.

அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றான். மரங்களின் இலைகள் ஓரம் சுருண்டு, உள்ளங்கை மூடிக்கொண்டது போலிருந்தன. சுண்ணாம்புக் கோடுகளை அவன் தேய்த்து அழித்திருந்தான். அழித்த இடம் கோட்டைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

படக்காரர் தயாரானார். இயக்குநர் உரிமையோடு ஏழாம் குழாயின் தலையில் கையை ஊன்றினார். குழாய் ஆடுகிற பல்லைப் போலச் சாய்ந்தது. கூடவே அவரும் சாய்ந்து, மேலிடத்தின் தோளைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாக்கியம்மா சிரிக்கவில்லை. அவள் குழாயருகே குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். மண் குழாயைச் சுற்றிலும் விரலகலம் விட்டு விலகியிருந்தது. இடைவெளி அடிவரைக்கும் போயிற்று. அங்கே ஆழத்தில் ஏதோ ஒன்று கண்ணைப் போல மினுங்கியது. தண்ணீர். ஒரு சுள்ளியை எடுத்து இடைவெளியின் பக்கச் சுவரில் குத்தினாள். செங்கல்லில் குத்தியது போலச் சுள்ளி ஒடிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலே ஓடிய மழை இந்த இடுக்கு வழியாக நேரே கீழே விழுந்து, டம்ளரில் நிற்கிற மாதிரி குழாயின் அடியில் நின்றிருக்கிறது. கருவி அந்தக் குட்டையில் காலை நனைத்துக்கொண்டு 'ஈரம், ஈரம்' என்று சொல்லியிருக்கிறது. மண் நன்றாக இருந்திருந்தால் குழாயை இறுகப் பிடித்திருக்கும். ஒரு சொட்டு இறங்கியிருக்காது. மண் செத்த பிறகுதான் குழாய் நல்ல சேதி சொல்ல ஆரம்பித்திருக்கிறது.

அதற்கடுத்துத்தான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. இதே மாதிரி மற்றக் குழாய்களும்.

இயக்குநரை ஓரமாக இழுத்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் முதலில் வெளுத்தது.

"மெதுவா பேசுங்கம்மா. அவருக்குப் பாம்புச் செவி. சரி, மண்ணு இன்னும் காஞ்சா மத்த குழாயும் இப்படித்தான் ஆகுமா?"

"ஆகும் சார். ஒவ்வொண்ணா ஆகும்."

"ஆனதும் எல்லாமே ஈரம்னு காட்டுமா?"

"ஒரு தூறல் விழுந்தாப் போதும், காட்டும்."

இயக்குநரின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "அப்போ அடுத்த வருஷ அறிக்கை ரொம்ப நல்லா அமையும்னு சொல்லுங்க" என்றார்.

அவர் கேலி செய்கிறாரா என்று அவள் உற்றுப் பார்த்தாள். இல்லை. மனிதர் நிஜமாகவே நிம்மதியடைந்திருந்தார்.

அதற்குள் மேலிடத்துக்கு ஒரு குறை தோன்றிவிட்டது. "ஈரம் மீண்டதுன்னு சொல்றீங்க. படத்துல ஈரமே தெரியலையே? எல்லாம் புழுதியா இருக்கு."

"இதோ சார்" என்று இயக்குநர் அண்ணனிடம் திரும்பினார். "பம்பு வச்சிருக்கீங்க இல்ல? வாய்க்கால்ல கொஞ்சம் தண்ணி ஓடட்டும். ஐயா ரெண்டு வார்த்தை பேசி முடிக்கிற வரைக்கும்."

"தாராளமா" என்று அண்ணன் பம்பறைப் பக்கம் நடந்தான்.

"அண்ணா, போடாதே!" அவள் குரல் அவள் நினைத்ததைவிட ஓங்கி வந்தது. "அந்த வாக்கியம் தப்பு. ஆழத்துல ஈரமே இல்லை. கிணத்துத் தண்ணியைத் தொடாதே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு இவங்க?" என்றார் மேலிடம்.

"அறிக்கை எழுதுறவங்க சார்" என்றார் இயக்குநர் கண்ணிமைக்காமல். "அபார அடக்கம். தான் எழுதினதையே தப்புன்னு சொல்லிக்குவாங்க."

மறுபடி சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். பம்பு உயிர்பெற்று இரைந்தது.

அவள் ஓடிப்போய் நிறுத்தினாள். அண்ணன் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு மறுபடி போட்டான். அருகில் பார்த்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கூறுகெட்டுப் போயிட்டியா? அத்தனை பேர் முன்னாடி உன் அதிகாரியைப் பொய்யனாக்குறே. நாளைக்கு உனக்கு வேலை இருக்குமா?"

"வேலை போனாப் போகட்டும். இது உன் மரங்களோட தண்ணிண்ணா."

"கொஞ்ச நேரம்தான் பாப்பா. உனக்காகத்தான் போடறேன். சும்மா இரு."

அண்ணி டீத் தட்டோடு வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். பம்புச் சத்தம் கேட்டதும் அவள் உதடு அசைந்தது. அண்ணன் தூரத்திலிருந்தே கும்பிடாத குறையாகக் கண்ணால் கெஞ்சினான், மானத்தை வாங்கிவிடாதே என்று. அவள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலிடம் பேச ஆரம்பித்தார். நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். அவநம்பிக்கைவாதிகளைப் பற்றிப் பேசினார். தான் சிறுவயதில் பார்த்த ஒரு மேகத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். படக்காரர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இன்னும் மரத்துக்கிட்ட வரலை சார்."

"வரும், வரும். ஓடட்டும்."

வரவில்லை. கிணற்றிலிருந்து புறப்பட்ட தண்ணீர் வாய்க்காலில் நாலு எட்டு உற்சாகமாக ஓடிவந்து, முதல் வெடிப்பின் விளிம்பில் எட்டிப் பார்த்து, உள்ளே விழுந்தது. அது நிரம்பும் என்று காத்திருந்தார்கள். நிரம்பவில்லை. நிலத்துக்கு அடியில் எங்கோ, கம்பளத்துக்கும் காலணிகளுக்கும் கீழே, மடக்மடக்கென்று ஒரு சத்தம் நகர்ந்துபோயிற்று. மேலிடம் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தார்.

"என்ன அது?"

"மண்ணு குடிக்குது சார்!" இயக்குநர் பரவசமானார். "கேட்டீங்களா? ஈரம் நேரா ஆழத்துக்குப் போகுது!"

மேலிடம் மேகத்துக்குத் திரும்பினார். முதல் வரிசை மரங்களின் அடி கடைசிவரை நனையவில்லை. பேச்சு முடிந்து கைத்தட்டல் ஓய்வதற்குள் பம்பின் இரைச்சல் மாறியது. முதலில் இருமல், பிறகு வெறும் காற்றை உறிஞ்சும் ஊளை.

அண்ணி தட்டைக் கல்வெட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போய்ப் பம்பை நிறுத்தினாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று வாக்கியம்மா பயந்தாள். அவள் கத்தவில்லை. திரும்பி வந்து ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்தாள்.

"சூடா இருக்கும்போதே குடிச்சிடுங்க. இன்னொரு தடவை கேட்டா, போட தண்ணி இல்லை."

மேலிடம் அதை விருந்தோம்பலாகவே எடுத்துக்கொண்டு, டீ பிரமாதம் என்றார்.

கார்கள் போனபின் கம்பளத்தைச் சுருட்டினார்கள். அடியிலிருந்த வெடிப்புகளின் உதடுகள் மட்டும் கறுத்து நனைந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு வெளுத்தது. அண்ணன் கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே பாத்திரம் கழுவி ஊற்றிய அளவுக்கு ஏதோ கிடந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றாள் வாக்கியம்மா.

"போட்டது நான்" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் பங்கு பிரிச்சது போதும். ரம்பக்காரருக்குப் போன் போடுங்க" என்றாள் அண்ணி.

ரம்பக்காரர் மறுநாள் காலை வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அழித்த கோடுகளைத் தடவினார்.

"ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைதானே?"

"அது அப்போ" என்றாள் அண்ணி. "இப்போ கணக்கு வேற."

"வெட்ட வேண்டியதைக் காட்டுறீங்களா, விட வேண்டியதைக் காட்டுறீங்களா? எது கொஞ்சமோ அதைக் காட்டுங்கம்மா. எனக்கும் நேரம் மிச்சம்."

அண்ணி உள்ளே போய் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து நாடா நாடாவாகக் கிழித்தாள். விடப்போகிற மரத்துக்குத் துணி கட்டுவது என்று ஏற்பாடு. இரவு அங்கேயே தங்கிவிட்ட வாக்கியம்மாவும் சேர்ந்து மூன்று பேருமாக ஆரம்பித்தார்கள். அண்ணி கையால் இலையைத் தடவி, கிளையை வளைத்துப் பார்த்துச் சொல்வாள், அண்ணன் கட்டுவான். ஒவ்வொரு முடிச்சும் போட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

வாக்கியம்மாவின் கைப்பேசி அடித்தது. இயக்குநர். குரலில் குதூகலம் தாங்கவில்லை.

"ஒன்பதாம் குழாயும் ஏறிடுச்சும்மா! விடியக்காலை அந்தப் பக்கம் லேசா தூறல் போட்டிருக்கு. அடித்தட்டு எகிறிப்போச்சு! நேத்து நடந்ததை நான் மறந்துட்டேன், நீங்களும் மறந்துடுங்க. ஒரு வாக்கியம் சொல்லுங்க, சட்டுனு."

"எழுதிக்குங்க சார். 'ஒன்பதாம் குழாயைச் சுற்றி மண் விட்டுப்போய்விட்டது.'"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா 'விட்டுப்போய்விட்டது'ங்கறது ஒரு மாதிரி இருக்கே. 'விலகி வழிவிட்டது'ன்னு போட்டுக்கட்டுமா?"

அவள் பதில் சொல்லுமுன் ரம்பம் இரையத் தொடங்கியது. இயக்குநர் ஏதோ கேட்டுக்கொண்டேயிருந்தார். அவள் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். வாக்கியம் அவளில்லாமலும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் குழாய்ப் பக்கத்திலும் கிணறு வைத்துக்கொண்டு வானொலி கேட்பவர்கள் இருப்பார்கள்.

முதல் மரம் விழுந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி சொன்ன மரங்களெல்லாம் கட்டி முடிந்தபின் அவன் கையில் ஒரு நாடா மிச்சமிருந்தது. அண்ணி ரம்பக்காரரிடம் பேசப் போன சமயம், அவன் வேலியோரத்து மரம் ஒன்றுக்கு அதை அவசர அவசரமாகக் கட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி நகர்ந்தான்.

அண்ணி திரும்பி வந்தாள். கட்டிய மரங்களை வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தவள் வேலியோரத்தில் நின்றாள். அண்ணன் தரையைப் பார்த்தான். அவள் கிணற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவன் இறுக்கிக் கட்டியிருந்ததால் அது சீக்கிரம் அவிழவில்லை. வாக்கியம்மா போய் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.